காற்று வரவேண்டும், எலி வரக்கூடாது

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை நிற்கிற அளவு இடம் இருந்தால், அங்கே ஒரு கொட்டாயும் நிற்கும். ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட்டு அல்லது தகர ஷீட்டு, ஒற்றைக் கதவு. உள்ளே மம்பட்டி, கடப்பாரை, ஸ்பிரேயர், விதைப் பொட்டலங்கள், வேப்பம்புண்ணாக்கு மூட்டை, கழற்றி வைத்த மோட்டார், எதற்காவது ஆகும் என்று மடித்துப் போட்ட சாக்குகள். ஐப்பசியில் மழை பிடித்ததும் வயலோரத்திலும் வாய்க்கால் கரையிலும் வளைக்குள் தண்ணீர் ஏறும். அப்போது எலிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. காய்ந்த தரை, தின்னத் தீவனம், படுக்கச் சாக்கு. எலி குடியேறினால் அதைத் தேடிப் பாம்பும் வரும்.

இதற்கு என்ன செய்வது என்று தேடினால் கிடைக்கிற யோசனைகளில் பாதி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு திணி, இடுக்கெல்லாம் ஃபோம் அடி, காற்றுப் புகாமல் மூடு என்பார்கள். உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பாற்ற வேண்டிய ஊருக்கு அது சரி. நம் ஊரில் சித்திரை வெயிலுக்குத் தகர ஷீட்டு தோசைக்கல்லாகக் காய்கிறது. மார்கழி விடியலில் அதே ஷீட்டின் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டுகிறது. உப்புக் காற்று எல்லா இரும்பையும் தின்கிறது. இங்கே காற்றை அடைத்தால் விதையின் முளைப்புத் திறன் போகும், மருந்து நெடி உள்ளேயே சுற்றும், மம்பட்டி துருவேறும். போதாததற்கு, திணிக்கிற பஞ்சும் தெர்மோகோலும்தான் எலிக்கும் எறும்புக்கும் கூடு. ஆகவே இந்தக் கரையில் வேலையை வேறு மாதிரி யோசிக்க வேண்டும். காற்று போகிற வழிக்கெல்லாம் கம்பி வலை, மற்ற வழிக்கெல்லாம் கல்லும் தகடும், வெயிலுக்கு வெள்ளைப் பூச்சும் கூரைக்கடியில் ஒரு காற்று இடைவெளியும். கீழே சொல்கிற அளவெல்லாம் 10 அடிக்கு 8 அடி கொட்டகைக்கு. உங்களுடையது பெரிதென்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன் வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். எலி என்று ஒரே பெயரில் சொன்னாலும் கொட்டகைக்கு வருவது மூன்று விதம். வீட்டெலி ஏறுவதில் கெட்டி. தென்னை மட்டை, கேபிள் ஒயர், துணி காயப்போடும் கொடி என எதையும் ஏணியாக்கி, பெரும்பாலும் கூரை வழியாகத்தான் இறங்கும். புழுக்கை அரை இஞ்ச் நீளம், இரண்டு முனையும் கூராக இருக்கும். சுண்டெலியின் புழுக்கை நெல்மணியில் பாதி. பெருச்சாளிக்கு ஏறுவதில் நாட்டமில்லை, தோண்டுவதில் அதற்கு நிகரில்லை. அஸ்திவாரத்தை ஒட்டி முஷ்டி நுழைகிற வளை, அதன் வாயில் புது மண் குவியல், முக்கால் இஞ்ச் புழுக்கை, இவை இருந்தால் அதுதான். பாகூர்ப் பக்கம் போல வயலை ஒட்டிய இடமென்றால் சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் வயலெலியும் சேர்ந்துகொள்ளும். நீள மூக்கும் கஸ்தூரி நெடியுமாகச் சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டு ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல, கரப்பானையும் பூச்சியையும் தின்பது. அதைக் கொல்ல வேண்டாம்.

ஆளைக் கண்டுபிடிக்கக் கோலமாவு போதும். இருட்டுகிற நேரத்தில் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிசாகத் தூவிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். காலையில் எந்த மூலையிலிருந்து தடம் புறப்படுகிறது, எங்கே போய் மறைகிறது என்று பார்த்தால் ஓட்டை இருக்கும் திசை தெரிந்துவிடும். தரையில் தடமே இல்லாமல் மூட்டையின் மேல் மட்டும் புழுக்கை கிடந்தால் வழி மேலே இருக்கிறது.

பிறகு ஓட்டைகளைக் குறிக்க வேண்டும். நல்ல வெயில் நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் கீறலாக விழுகிற இடங்களெல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழைந்தால் வீட்டெலி நுழையும். தலை போனால் உடம்பு போய்விடும் என்பதால் எலியின் பருமனைப் பார்த்து ஓட்டையை எடைபோடக் கூடாது. 6 மி.மீ. என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ள எதுவும் வாசல்தான்.

வேலைக்கு நல்ல காலம் ஆடி, ஆவணி. மண் ஓரளவு காய்ந்திருக்கும், கலவை பிடித்து இறுக ஐப்பசிக்கு முன் நாள் கிடைக்கும். ஆனால் உள்ளே எலி இருக்கும்போதே அடைத்தால் அது கதவுக் கட்டையைக் கடித்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும், இல்லையென்றால் உள்ளேயே செத்து நாறும். முதலில் பொறி வைக்க வேண்டும். இந்த அளவு கொட்டகைக்கு ஆறு அடிபொறி, சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் பக்கம் சுவரைத் தொட்டபடி. எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். அதனால் முதல் இரண்டு இரவு பொறியை விசை ஏற்றாமல் இரையோடு வெறுமே விடுங்கள், மூன்றாம் இரவு ஏற்றுங்கள். சுட்ட கருவாடோ கொப்பரைத் துண்டோ நன்றாக வேலை செய்யும். தூக்கிக்கொண்டு ஓடாதபடி நூலால் கட்டுங்கள். தொடர்ந்து மூன்று நாள் கோலமாவில் தடமில்லை என்றால் அடைக்கத் தொடங்கலாம்.

விஷம் வைக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விஷம் தின்ற எலி எட்டாத இடுக்கில் போய்ச் சாகும். அதைத் தின்கிற ஆந்தையும் பூனையும் பாதிக்கப்படும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதர் வயிற்றுக்குள் போனால் கல்லீரலைக் கெடுக்கும், அதற்கு நேரடி மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அந்தப் பொருளுக்கு இடமே கூடாது.

கிடக்கிற புழுக்கையைக் காய்ந்தபடி துடைப்பத்தால் கூட்டுவது தவறு, தூசி மூக்குக்குள் போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, நன்றாக நனையத் தெளித்து, பத்து நிமிஷம் விட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஈரத்தோடு வழித்தெடுங்கள். எலி மூத்திரம் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பதுதான் எலிக்காய்ச்சலுக்கு வழி. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் இன்னும் சுலபமாகத் தொற்றும்.

இனி தரை. பெருச்சாளி சுவர் அடியில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே கம்பி தட்டினால் இன்னும் கீழே போகப் பார்க்கும், அங்கேயும் தட்டினால் விட்டுவிடும். ஒன்றேகால் அடி பின்னால் போய் அங்கிருந்து தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. அந்தக் குணத்தை வைத்துத்தான் வலையை ‘ட’ எழுத்துப் போல மடித்துப் புதைக்கிறோம், கீழ்க்கால் வெளிப்பக்கம் நீளும்படி. இது தோண்டுகிற பெருச்சாளிக்கு என்பதால் 12 மி.மீ. கண் போதும். வேண்டியது 18 கேஜ் கனத்தில் ஜி.ஐ. வெல்ட் மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியைப் பற்றவைத்த வலை, 3 அடி அகலம், 40 அடி நீளம். சுற்றளவு 36 அடிதான், மீதி மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு. 3 அடியில் மேல் 9 இஞ்ச் பேஸ்மட்டச் சுவரில் ஏறட்டும், 1 அடி பள்ளத்தில் நேராக இறங்கட்டும், மீதி 15 இஞ்ச் வெளிப்பக்கம் படுக்கட்டும். சுவரில் ஏறியதை அடிக்கு ஒரு திருகும் அகல வாஷருமாகப் பிடித்து மேலே பூசிவிடலாம். வலை வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். கடைக்காரர் 22 கேஜைக் காட்டி இதுவே போதும் என்பார், போதாது. அறுகோணக் கண் உள்ள கோழி வலையும் இதற்கு ஆகாது. அதில் ஒரு கம்பி அறுந்தால் சுற்றியுள்ள முறுக்கெல்லாம் பிரிந்து வழி விட்டுவிடும்.

படுத்திருக்கும் வலையின் மேல் 2 இஞ்ச் கனத்துக்கு, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று, ஜல்லி ஆறு என்ற கணக்கில் கான்கிரீட் போட்டுவிட்டு மண்ணைத் தள்ளுங்கள். ஒரு மூட்டை சிமெண்ட், 4 கன அடி எம்-சாண்ட், 8 கன அடி 20 மி.மீ. ஜல்லி, இதற்கு ஏறக்குறையச் சரியாக வரும். கான்கிரீட் இல்லாமலும் வலை எலியைத் தடுக்கும்தான். ஆனால் கடலோர உப்பு மண்ணில் வெறும் ஜி.ஐ. கம்பி சீக்கிரம் இற்றுப்போகும், தோண்டிப் பார்த்தால் துரு மட்டும் வரும். பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலைக் கலவைக்கு அள்ளாதீர்கள், அதிலுள்ள உப்பே கம்பியைத் தின்னும். எலி வளையில் உடைந்த கண்ணாடியைக் கொட்டி அடைக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. நாளைக்கு அதே இடத்தில் கொத்தப்போவது உங்கள் வீட்டுக் கையும் காலும்தான். ஜல்லியும் கலவையும் போதும்.

பள்ளம் தோண்டுவது மண்ணுக்கு மண் வேறுபடும். கடலூரில் தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கத்து மணலில் பள்ளத்தின் ஓரம் சரிந்துகொண்டே வரும். தண்ணீர் விட்டு நனைத்து, ஐந்தடி தோண்டி வலை பதித்து மூடிவிட்டு அடுத்த ஐந்தடிக்குப் போக வேண்டும். புதுச்சேரியில் கோரிமேடு, லாஸ்பேட்டை செம்மண் ஓரம் நிற்கும், ஆனால் கரையான் அதிகம். களிமண் நிலத்தில் கோடையில் மண் சுருங்கிப் பேஸ்மட்டத்தை விட்டு விலகி விரல் புகும் வெடிப்பு விழும். பங்குனிக்குப் பங்குனி அதில் மணல் கொட்டி நிரப்ப வேண்டும்.

கரையானுக்கு வலை ஒரு தடையே இல்லை. அதற்கு மண்ணில்தான் மருந்து வேண்டும், அதுவும் வலைக்கு மேல் கான்கிரீட் விழுவதற்கு முன். இமிடாக்ளோபிரிட் 30.5% எஸ்.சி. என்ற திரவ மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. அஸ்திவாரத்தின் நிமிர்ந்த முகத்தில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் கணக்கு. 36 அடிச் சுற்றும் ஓரடி ஆழமும் சேர்ந்து ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர், ஆகவே 25 லிட்டர் கரைசல், அதற்கு 50 மில்லிக்குச் சற்று மேல் மருந்து. டப்பாச் சீட்டில் வேறு அளவு இருந்தால் சீட்டில் உள்ளதே சரி. பூவாளியால் பள்ளத்தின் உள்முகத்தில் மெதுவாக ஊற்றுங்கள், மண் குடிக்கட்டும். மழை வருகிற நாளில் ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும். கிணறு, போர் பக்கத்தில் இருந்தால் ஊற்றவே வேண்டாம். தேனீக்கு இது கொடிய நஞ்சு, பூத்திருக்கும் செடியில் பட்டுவிடக் கூடாது. ஊற்றி முடித்த மண்ணைப் பிறகு கொத்திக் கிளறினால் தடுப்பு அறுந்துபோகும். சுவரை ஒட்டி மல்லிகை வைக்கலாம் என்று யாராவது குழி தோண்டும் இடத்தில்தான் கரையான் மறுபடி ஏறுகிறது.

சவுக்குக் கம்பத்தை மண்ணில் நேராக நட்டிருந்தால் எந்த மருந்தும் நெடுநாள் காக்காது. கம்பத்தின் அடியை வெட்டி, தரைக்கு மேல் அரையடி உயரும் கான்கிரீட் கட்டையில் இரும்பு ‘யு’ கிளாம்ப் வைத்து நிறுத்துங்கள். அப்போது கரையான் ஏற வேண்டுமென்றால் அந்தக் கட்டையின் மேல் வெளியே தெரியும்படி மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும், பார்த்ததும் தட்டிவிடலாம். வைரம் பாய்ந்த பனஞ்சாத்தை, அதாவது பனைமரச் சட்டத்தை, கரையான் எளிதில் தொடாது, விலை கொஞ்சம் கூடினாலும் குறுக்குச் சட்டத்துக்கு அதுவே மேல். மற்ற மரத்துக்குப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஆலைகளின் ஓட்டு எண்ணெய் நல்ல பூச்சு. படகுக்கும் வலைக்கும் பூசிப் பழகிய பொருள்தான். தோலில் பட்டால் தீப்பட்டது போல் கொப்புளிக்கும். முழங்கை வரை உறையில்லாமல் அந்த டின்னைத் திறக்காதீர்கள்.

தரையில் இவ்வளவு செய்துவிட்டுக் கூரையை மறந்துபோகிற கொட்டகைகள்தான் அதிகம். சிமெண்ட் ஷீட்டில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 146 மி.மீ., அலையின் ஆழம் 48 மி.மீ. பத்தடிச் சுவரின் மேல் அது உட்காரும்போது இருபது வாய்கள் திறந்து நிற்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து நாற்பது. ஒவ்வொன்றும் இரண்டு இஞ்ச் உயரம். கொத்தனார் இதில் உடைந்த செங்கலையும் கலவையையும் வைத்து அடைத்துவிட்டுப் போவார். வெயிலில் ஷீட்டு நீளும், இரவில் சுருங்கும். ஒரு கோடைக்குள் கலவை ஷீட்டை விட்டு விலகிக் கையோடு பெயர்ந்து வரும்.

இங்கே கலவையை விட வலை நல்லது. 6 மி.மீ. கண் உள்ள வெல்ட் மெஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடென்றால் 304 தர எவர்சில்வர் வலையே வாங்குங்கள். ஒரு அலையின் வாயில் அட்டையை வைத்துப் பென்சிலால் வளைவை வரைந்து வெட்டினால் அதுவே மாதிரி. அந்த வளைவைவிட அரை இஞ்ச் பெரிதாக, கீழே 3 இஞ்ச் வால் விட்டு வலையை வெட்டுங்கள். வளைந்த ஓரத்தின் அரை இஞ்ச்சை உள்பக்கம் மடக்கினால் அது வில் போல ஷீட்டின் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும். வால் சுவரின் மேல் படுக்கும், அதன் மேல் மட்டும் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு கலவை. ஷீட்டில் கலவை ஒட்டவே கூடாது, அது தன் பாட்டுக்கு நீண்டு சுருங்கட்டும். நாற்பது வாய்க்கும் இதைச் செய்ய ஒரு ஆளுக்கு ஒன்றரை நாள் ஆகும். அலுப்பான வேலை, பாதியில் விட்டுவிடத் தோன்றும். ஒரு வாய் மிச்சமிருந்தாலும் எலி அதைக் கண்டுபிடிக்கும்.

இப்படிச் செய்தால் எலிக்கு மூடியது, சூட்டுக் காற்றுக்குத் திறந்தது. பழைய சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதைக் கிரைண்டரால் அறுப்பதும் காய்ந்தபடி துளை போடுவதும் நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, கைத்துரப்பணத்தால், முகக்கவசத்தோடு.

தகர ஷீட்டில் அலை சிறியது, ஆனால் சுண்டெலிக்கும் வீட்டெலிக்கும் போதுமானது. அதற்கு அரை மி.மீ. கால்வால்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் பூசிய இரும்பு) தகட்டில் சீப்பு மாதிரி பல் வெட்டி, அலைக்குள் பல் பொருந்தும்படி அரையடிக்கு ஒரு ரிவெட் அடித்து மூடலாம். வெட்டிய ஓரத்தில் துத்தநாகப் பெயிண்ட் தடவ வேண்டும், இல்லாவிட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். கடையில் அலை வடிவத்தில் கறுப்பு ஃபோம் பட்டை விற்கிறார்கள். தூசிக்கும் சாரலுக்கும் அது நல்லது, எலி அதை ஒரு ராத்திரியில் கடித்துத் துப்பிவிடும். தகட்டுக்குப் பின்னால் வைப்பதானால் வையுங்கள். ஏணி போட்டு ஏறியது ஏறியதுதான், ஷீட்டுத் திருகுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாஷர் வெடித்த திருகு முதலில் மழையை விடும், பிறகு குளவியை, பிறகு காற்றை. 30 டிசம்பர் 2011 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்த தானே புயலில் பறந்த ஷீட்டுகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கதவு இன்னொரு கஷ்டமான இடம். தரைக்கும் கதவுக்கும் இடையில் 5 மி.மீ. மட்டும் விட வேண்டும் என்பார்கள். சொல்வது சரி. ஆனால் கார்த்திகை ஈரத்தில் மரக்கதவு ஊறி, அந்த 5 மி.மீ. போய்த் தரையில் உரசும். வீட்டுக்காரர் ஆசாரியைக் கூப்பிட்டு அடியைச் சீவுவார். மாசியில் மரம் காய்ந்ததும் அங்கே விரல் கனத்துக்கு இடைவெளி. அடியில் ஒட்டுகிற ரப்பர் பட்டையையும் பிரஷ் பட்டையையும் எலி கடிக்கும். இதற்கு நல்ல வழி, கதவு எதன் மேலும் உட்காராமல் ஒன்றின் மேல் சாய்ந்து மூடும்படி செய்வது. கதவு வெளியே திறப்பதாக இருக்கட்டும். வாசற்படியில் கதவின் உள்முகத்தை ஒட்டி 25 × 25 × 3 மி.மீ. இரும்பு ஆங்கிளை ஒரு கால் நிமிர்ந்து நிற்கும்படி கலவையில் பதியுங்கள். கதவு மூடும்போது அதன் அடிப்பகுதி அந்த நிமிர்ந்த காலில் போய்ப் படிய வேண்டும். இனி கதவுக்கு அடியில் 10 மி.மீ. இடைவெளி இருந்தாலும் கவலையில்லை, வழி அந்தக் காலில் முட்டி நின்றுவிடுகிறது. மரம் ஊறினாலும் மேலும் கீழும் நகர இடம் இருக்கிறது. சாரலில் வழிகிற தண்ணீரும் உள்ளே வராது. தள்ளுவண்டி ஏற ஒரு பலகையைச் சாய்த்துக்கொள்ளலாம்.

கதவின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு 24 கேஜ் தகடு அடியுங்கள், உள்ளும் புறமும், கீழ் விளிம்பை மடித்து. கடிக்கத் தொடங்க எலிப்பல்லுக்கு ஒரு விளிம்பு வேண்டும், தகட்டில் அது கிடைக்காது. கீல் இருக்கிற பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே பென்சிலை விட்டுப் பாருங்கள், நுழைந்தால் நிலையில் ஒரு தகட்டுப் பட்டை.

சின்ன ஓட்டைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒயர் வரும் பைப், மோட்டார் குழாய் நுழையும் இடம், சாரக்கட்டு துளை. பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் நாரை இறுகத் திணித்து மேலே ஒன்றுக்கு மூன்று கலவையோ எம்-சீலோ வையுங்கள். சாதா இரும்பு நார் இந்த ஊர்க் காற்றில் துருவேறி உதிர்ந்துவிடும். டப்பாவிலிருந்து பீய்ச்சுகிற பி.யு. ஃபோம் மட்டும் அடித்த ஓட்டை அடைத்ததாகக் கணக்கில்லை. தரையில் தண்ணீர் போக விட்ட துளைக்கும் வலை வேண்டும்.

காற்றுக்கு இரண்டு திறப்பு, ஒவ்வொன்றும் ஒரு சதுர அடி. நம் கரை கிழக்கே பார்த்தது, பகல் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். ஐப்பசி, கார்த்திகைச் சாரலோ வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே கீழ்த் திறப்பைத் தெற்குச் சுவரில் கிழக்கு ஓரமாக, தரையிலிருந்து ஒன்றரை அடியில் வைத்து, மேல் திறப்பை மேற்குச் சுவரில் கூரைக்கடியில் வைப்பது பொருந்தும். வெளியே சாய்ந்த தகட்டு மூடாக்கு, அடுத்து 6 மி.மீ. எவர்சில்வர் வலை, ஓர் இஞ்ச் விட்டு உள்ளே எவர்சில்வர் கொசுவலை. நைலான் கொசுவலையை முன்னால் வைத்தால் எலி முதல் நாளே கிழிக்கும்.

வெயிலைப் பற்றி. சிமெண்ட் ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாம், வருஷா வருஷம் பங்குனியில். தகரத்தின் மேல் சுண்ணாம்பு வேண்டாம், அதன் காரம் துத்தநாகப் பூச்சை அரிக்கும். அதற்குத் தகரத்தில் பெயிண்ட் பிடிக்க எட்ச் பிரைமர் ஒரு கை, வெள்ளை அக்ரிலிக் கூரைப் பெயிண்ட் இரண்டு கை. பெரும்பாலான கொட்டகைக்கு இந்த வெள்ளையும் மேலே சொன்ன திறப்பும் சேர்ந்தாலே விதை வைக்கிற அளவு சூடு தணியும். இன்னும் வேண்டுமென்றால் ஷீட்டுக்கு 5 இஞ்ச் கீழே 6 மி.மீ. ஃபைபர் சிமெண்ட் போர்டு அடித்து, நடுவில் காற்று ஓட விடுங்கள். அந்த 5 இஞ்ச் எலிக்குத் தனி வீடு மாதிரி. அதன் இரண்டு முனையிலும் உள்ள வலைதான் கொட்டகையிலேயே நல்ல வலையாக இருக்க வேண்டும்.

வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் சுருளை ஷீட்டின் அடியில் ஒட்டி வைத்துவிட்டுச் சூடு குறையவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. வெள்ளித்தாள் சூட்டைத் தடுக்க வேண்டுமானால் அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னால் ஓர் இஞ்சாவது காற்று இருக்க வேண்டும். ஷீட்டைத் தொட்டால் அது வெறும் ஃபோம். பளபளப்பு கீழ் பார்த்திருந்தால் தூசி படியாது. தெர்மோகோலைப் பற்றி ஒன்றே சொல்வேன், வேண்டாம். எறும்பும் கரையானும் அதைக் குடைந்து ஊர் அமைக்கும், வெள்ளைத் துகள் தரையில் கொட்டுவதைப் பார்க்கும்போது பாதி உள்ளே காலியாகியிருக்கும். மேற்குச் சுவர் காய்கிறதென்றால் ஓரடி தள்ளிப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். கொடி படர விட்டால் அது எலிக்கு ஏணி.

வெளியே சுவரைச் சுற்றி மூன்றடி வெறும் தரையாக இருக்கட்டும். மட்டை, தேங்காய் மட்டைக் குவியல், விறகு, ஓடு, எதுவும் சுவரில் சாயக் கூடாது. மரக்கிளை கூரையிலிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டும். தென்னைக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகரப் பட்டை சுற்றினால் எலி கால் வழுக்கி இறங்கிவிடும். உள்ளே புண்ணாக்கு, கோழித் தீவனம், எலும்புத்தூள் மூன்றும் மூடி இறுகுகிற இரும்பு டின்னுக்குப் போக வேண்டும். இவை சாக்கில் கிடக்கிற வரைக்கும் எந்த அடைப்பும் எலியோடு ஓயாத போட்டிதான். அலமாரியும் டின்னும் தரையிலிருந்து அரையடி, சுவரிலிருந்து அரையடி விலகி நின்றால் விளக்கை அடித்து அடியில் பார்க்க முடியும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் தரைமட்டத்தைச் சுற்றுமண்ணிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் தூக்குங்கள். 30 நவம்பர் 2024 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கத்தை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட நாளில் எலி, பாம்பு, தேள், பூரான் எல்லாம் மேட்டைத் தேடும். தண்ணீர் வடிந்த பின் முதல் தடவை திறக்கும்போது நீளக் கம்பால் கதவைத் தட்டிவிட்டு, விளக்கோடு, கணுக்கால் மூடிய செருப்போடு போங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, சாக்கு மடிப்புக்குள் அசையாமல் கிடக்கும். பாம்பைக் கண்டால் கதவைத் திறந்தபடி விட்டு விலகித் தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்துப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ நேராகப் போக வேண்டும்.

ஆவணிக்கு ஆவணி ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். கதவைச் சாத்தி வெளிச்சம் பார்ப்பது, கீல் பக்கம் பென்சில் விடுவது, பேஸ்மட்டத்தைச் சுற்றி நடந்து மண்குழாய் தேடுவது, கூரை ஓர வலையை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவது. அழுத்தும்போது கம்பி நொறுங்கி விரலில் துருப் பொடி ஒட்டினால் அந்த ஒரு துண்டை மட்டும் கழற்றிவிட்டு, அதே அட்டை மாதிரியில் வேறொன்று வெட்டிச் செருகுங்கள். அட்டை மாதிரியைத் தூக்கிப் போடாமல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வையுங்கள்.